எல்லை கடக்கும் உழைப்பாளரும் இரு அளவுகோலும்

லக்சம்பேர்க் எனும் சிற்றரசின் தொழிலாளரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் பிரான்சு, பெல்ஜியம், ஜேர்மனி ஆகிய அயல்நாடுகளிலிருந்து எல்லை கடந்து வருவோராவர். அவர்தம் உழைப்பின்றி அந்நாட்டு வங்கிகள் ஒருநாள்தானும் இயங்கா. அன்னார் சில நாட்கள் தம் வீட்டிலிருந்தே கடமையாற்ற விரும்பினால் நேர்வது யாது?

2023 யூலை முதல் நடைமுறையிலுள்ள உடன்படிக்கையின்படி, வேலைநேரத்தில் அரைவாசிக்குக் குறைவாக வீட்டில் உழைப்போர், முறைப்படி விண்ணப்பித்தால், லக்சம்பேர்க்கின் சமூகக் காப்புறுதியை இழக்கமாட்டார். வருமான வரி ஒப்பந்தங்களோ ஆண்டில் 34 நாட்களையே பொறுத்துக்கொள்கின்றன. முப்பத்தைந்தாம் நாள் பிறந்ததும், முதல் நாள் தொட்டே வசிக்கும் நாட்டின் வரி வந்து சேரும். அதே கந்தோரில், அடுத்த மேசையிலிருக்கும் உள்ளூர்வாசிக்கு இக்கணக்கு எதுவுமில்லை. ஒரே வேலைக்கு இரு நீதியா?

வரி இழக்கும் ஊர்களின் முறைப்பாட்டை நாம் புறக்கணிக்கவில்லை. எல்லையூர்களுக்கும் பாடசாலையும் பாதையும் வேண்டுமன்றோ? அதற்கு வழி வேறுண்டு. 1973ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஜெனீவா மாநிலம், அங்கு உழைக்கும் பிரெஞ்சு எல்லைவாசிகளின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்துக்கு ஈடான தொகையைப் பிரெஞ்சு எல்லைப் பகுதிகளுக்கு அளித்து வருகிறது. பெல்ஜியத்துக்கு லக்சம்பேர்க்கும் ஈடு செலுத்துவதுண்டு. அரசுக்கு அரசு தீர்க்கவேண்டிய கணக்கை உழைப்பாளியின் தலையிற் சுமத்துவது முறையன்று. காப்புறுதிக்கும் வரிக்கும் ஒரே வரம்பை வகுக்குமாறு நான்கு அரசுகளையும் நாம் கேட்கிறோம்.