பெயரளவில் வாரிசு

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் கொண்டுவந்த பிரவுனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியின் தயாரிப்பு நின்றுவிட்டதென்று 2018இல் தெரியவந்தது. ஜான் பிரவுனிங் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் எஃப்.என். வடிவமைப்பாளர் சைவ் முடித்த வடிவமைப்பு அது. அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் சோர்ந்துபோனார்கள். இத்தனைக்கும், சுடும்போது பின்னால் பாயும் சுத்தியல் கட்டைவிரல் இடுக்குச் சதையைக் கடிக்கிறது என்று காலம்காலமாகக் குறைப்பட்டவர்களும் இவர்களே!

2022இல் அதே ஹை-பவர் பெயரைச் சூட்டி எஃப்.என். புதியதொன்றை இறக்கியது. மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) 13 தோட்டாவுக்குப் பதில் 17. ஆனால் பழைய மேகசின் இதில் சேராது. பழைய துப்பாக்கி வைத்திருப்போரின் எரிச்சல் நியாயமே. பெயரை மறுபடி விற்கும் நிறுவனம், பழையதற்கான உதிரிபாகங்களையும் தட்டுப்பாடின்றித் தரட்டும்.