மாரிக்கு முன் ஒரு சிறு விமானம்

விமானத்தைக் குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது என்றதும் ரொறன்ரோவில் வாழும் நம்மவருக்குப் பனிதான் நினைவுக்கு வரும். இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். இறக்கையில் படிந்த உறைபனியை முற்றாக நீக்க வேண்டும். மடங்காத சக்கரங்களுள்ள சிறு விமானமாயின் சக்கரக் கவசங்களையும் கழற்றி வைப்பார்கள். அவற்றினுள் அடையும் பனிச்சேறு உறைந்துவிட்டால் சக்கரம் சுழலாது. பறத்தல் பற்றிய கைநூல்களும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன.

மட்டக்களப்பில் பனி ஏது? எமது குளிர்காலம் மாரி. வாடைக்காற்றோடு ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். வாவிக்கரையில், கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கிறது விமானத் திடல். இங்கு எதிரிகள் தண்ணீரும் உப்பும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செஸ்னா 172 போன்ற விமானத்தின் எரிபொருள் தாங்கிகள் இறக்கைக்குள் இருக்கின்றன. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் ஓர் இரவு மழையே போதும். நீர் பெற்றோலைவிடக் கனமானது. அடியில் தங்கி, இயந்திரத்துக்கு முதலில் போய்ச் சேரும். ஆகவே பறக்குமுன் அடித்திருகைத் திறந்து குவளையில் வடித்துப் பார்க்கிறார்கள். இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் இரண்டையும் பிரிக்கும் கோடு தெரியாது. புதியவர் சுத்தமான பெற்றோல் என்று நம்பிவிடுவார். விமானப் பெற்றோலுக்கு நீலச் சாயம் உண்டு. அந்த நீலத்தைத் தேட வேண்டும்.

உப்புக்கு மருந்து நன்னீர்க் கழுவல்தான். குளவிக்கு மருந்து, வேகமானிக் குழாய்க்கு ஓர் உறை. அற்பமாகத் தோன்றலாம். 1996 பெப்ரவரி 6இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேருடன் ஒரு போயிங் 757 கடலில் வீழ்ந்தது. உறையின்றி நின்ற அதன் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதே விசாரணையாளரின் முடிவு.

சுற்றுலாவுக்கு வரும் சில பயணிகளுக்காக இத்தனை கவலையா என்று கேட்கலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எமது கிராமங்கள் தீவுகளாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் வீதிகளும் ரயில் பாதைகளும் பல இடங்களில் அறுந்தன. சிறு விமானம் மிக அவசியமாகும் அதே கிழமைகள்தாம் அதற்கு மிக ஆபத்தானவையும். மழை ஓய்ந்த இடைவெளியில் அது எழும்ப வேண்டுமாயின், செப்டெம்பரிலேயே அதன் திருகுகளும் வளையங்களும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

1983இல் விமானப்படை வசமான இத்திடல், 2018 மார்ச்சில் பொதுமக்கள் சேவைக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் பெயரில் ‘சர்வதேசம்’ என்பதும் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் சிறு விமானங்கள் நிற்க ஒரு கூரை, காற்றில் புரளாமல் அவற்றைக் கட்டி வைக்க நிலத்தில் வளையங்கள், கழுவ ஒரு நன்னீர்க் குழாய் ஆகியவற்றைக் கேட்டு எந்த அரசியல்வாதியும் மேடையில் பேசி நான் செய்தி எழுதியதில்லை.