நமக்கு ஆர்வம் இல்லையாம்

வீட்டில் பீர் காய்ச்சும் சங்கங்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை." அமெரிக்காவில் பதினோரு வருடமாக நானும் காய்ச்சுகிறேன். இந்தப் பதிலை அன்பாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எரிச்சலோடு சொல்லியும் கேட்டிருக்கிறேன். சொல்பவர் நல்ல மனிதராக இருக்கும்போதுதான் அதிகம் உறுத்துகிறது.

டாஸ்மாக் கடை வாசலில் பெண்கள் உட்கார்ந்து மறியல் செய்த மாநிலத்திலிருந்து வந்தவள் நான். குடிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே வேலை பெண் செய்தால் வீட்டுவேலையாகவும் ஆண் செய்தால் கலையாகவும் எப்படி ஆகிறது என்பதே என் கேள்வி. அதற்குப் பீரைவிட நல்ல சாட்சி இல்லை.

வேலை இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்தெடுத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சட்டென்று ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து, இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் கழுவ வேண்டும்: அண்டா, குழாய், கரண்டி, மூடி, ஐம்பது பாட்டில். 'பீர் காய்ச்சுவதென்றால் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான்' என்று காய்ச்சுபவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறவர்களால் அப்படிச் சிரிக்க முடியும்.

சூடு, சுத்தம், நேரம், நுரைத்துப் பொங்கும் ஒரு பாத்திரம். இதை நான் எங்கே முதலில் பார்த்தேன்? என் அம்மா இட்லிக்கு மாவு கரைத்து வைக்கும்போது. மார்கழியில் போர்வை சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பாள். சித்திரையில் விடிவதற்குள் புளித்து வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள். உளுந்து பழையதா புதியதா என்று விரலால் தொட்டுச் சொல்வாள். வெப்பமானி கிடையாது, குறிப்பேடு கிடையாது. நுண்ணுயிர்களை வாரம் மூன்று முறை வேலை வாங்கிய அவளை யாரும் கைவினைஞர் என்று அழைக்கவில்லை. அவளுக்குச் சங்கம் இல்லை, பதக்கம் இல்லை. மாவு பொங்காத நாளில் மட்டும் அந்த மாவு யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் நினைவு வரும். என் சங்கத்து ஆண் ஒருவர் பத்தொன்பது லிட்டரைக் கெடுத்துக் கீழே ஊற்றினால் அதற்குப் பெயர் அனுபவம்.

பீரும் அப்படிப்பட்ட வீட்டு வேலையாகத்தான் இருந்தது. 1300களின் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏல் சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால் வீட்டுக்குக் குடித்தது போக மீதியை அக்கம்பக்கத்தில் விற்றுவிடுவார்கள். பிறகு ஹாப்ஸ் போட்ட பீர் கடல் கடந்து வந்தது. அது கெடாது, பெரிய அளவில் காய்ச்சித் தொலைவுக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும், கடன் வேண்டும், தொழிற்குழுவில் குரல் வேண்டும். மணமான பெண்ணின் பெயரில் கடன் கொடுக்க யார் முன்வருவார்? 1600 வாக்கில் தொழில் ஆண்கள் கையில் இருந்தது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் இதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். சூனியக்காரியின் கூர்தொப்பியும் கொப்பரையும் ஏல் விற்ற பெண்களிடமிருந்து வந்தவை என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. கடன் மறுக்கப்பட்டதே போதுமான கதை.

அமெரிக்கக் காய்ச்சுநர்களுக்கு வேறொரு முன்னோர் வரிசை பிடிக்கும். வாஷிங்டன் காய்ச்சினார், ஜெஃபர்சன் காய்ச்சினார் என்பார்கள். ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ வீட்டில் 1770களில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீர் காய்ச்சும் பொறுப்பு மனைவி மார்த்தாவுடையது. பின்னாளில் 1813 வாக்கில் அந்த வேலையைக் கற்று நடத்தியவர் பீட்டர் ஹெமிங்ஸ், அந்த வீட்டில் அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர், சாலி ஹெமிங்ஸின் சகோதரர். ஜெஃபர்சன் காய்ச்சினார் என்பது ஷாஜஹான் கல் சுமந்தார் என்பதைப் போன்றது.

1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டில் பீர் காய்ச்சுவதற்குக் கூட்டாட்சி அளவில் வழிவிட்டது. ஒரு வயதுவந்தவருக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 200. நல்ல சட்டம், நானும் அதன் பயனாளி. ஆனால் சட்டம் கேலனைத்தான் கொடுத்தது, சனிக்கிழமையைக் கொடுக்கவில்லை. காய்ச்சுவதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் குழந்தைக்குச் சோறூட்டுபவர், துணி மடிப்பவர், மாமனாரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர் யார்? ஆர்வம் என்று நீங்கள் அழைப்பது, இன்னொருவர் உழைப்பால் உங்களுக்குக் கிடைத்த ஓய்வு. அதை முதலில் எண்ணிவிட்டு எங்கள் ஆர்வத்தை அளக்க வாருங்கள்.

'கைவினை' என்ற சொல்லும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பெங்களூரில் செம்புக் கொப்பரையைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி விற்பது கிராஃப்ட் பீர். ஜார்கண்ட் சந்தையில் ஆதிவாசிப் பெண் ராணு வில்லையால் சோற்றைப் புளிக்கவைத்து அலுமினியப் பானையில் விற்கும் ஹண்டியா? அவளை அந்தத் தொழிலிலிருந்து மீட்க அரசு 2020இல் திட்டம் போட்டது. அவளில் பலர் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பெங்களூர்க்காரரை மீட்க யாரும் திட்டம் போடவில்லை.

சரி, தடைகளைத் தாண்டி உள்ளே வந்த பெண்ணுக்கு என்ன நடக்கிறது? மால்ட் வாங்கப் போனால், 'கணவருக்குப் பரிசா?' என்கிறார் கடைக்காரர். என் கறுப்பு போர்ட்டரைச் சுவைத்துவிட்டு, செய்முறையை என் கணவரிடம் கேட்கிறார்கள். அவருக்கு மோர்கூடக் கடையத் தெரியாது. பழம் போட்டது 'பெண்கள் பீர்', கசந்தது ஆண்கள் பீர். நான் முப்பது வருடமாகப் பாகற்காய் தின்பவள்.

இதெல்லாம் சில்லறை. சில்லறை அல்லாதது 2021 மே மாதம் வெளியே வந்தது. மாசசூசெட்ஸில் பீர் தொழிலில் இருந்த பிரியென் ஆலன், இந்தத் தொழிலில் பெண் என்பதால் உங்களுக்கு நேர்ந்தது என்ன என்று இன்ஸ்டாகிராமில் கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்து குவிந்தன: கேலி, தொடுதல், வன்புணர்வு. சில நிறுவனங்களின் தலைவர்கள் பதவி விலகினார்கள். ஆர்வமில்லாதவர்கள் எழுதிய பதில்கள் அல்ல அவை. ஆர்வத்தால் வந்து, வேலை கற்று, மூட்டை தூக்கி, பிறகு விரட்டப்பட்டவர்கள் எழுதியவை. அதைப் படித்த பிறகும் 'ஆர்வம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர்மேல் எனக்குப் பொறுமை இல்லை.

அதன் பிறகு நடத்தை விதிகள் எழுதுவது வழக்கமானது. எங்கள் சங்கமும் ஒரு பக்கத்துக்கு எழுதியது. புகார் இருந்தால் தலைவரிடம் தரவேண்டும் என்கிறது மூன்றாவது விதி. கூட்டம் நடப்பது தலைவரின் கேரேஜில், இரவு எட்டு மணிக்கு. புகாரைப் பெற வெளியிலிருந்து ஒருவர், கூட்டம் ஞாயிறு பிற்பகலில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் உறுப்பினர்கள் முறைபோட்டு ஒருவர் என்று மூன்று கோரிக்கைகளை நாங்கள் நான்கு பெண்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டையும் பரிசீலிக்கிறார்களாம். மூன்றாவதில் உறுப்பினர்களுக்கு ஆர்வம் இல்லையாம்.