தீர்ப்புக்கும் எல்லை உண்டு

கே.ஜி.கண்டிகைக் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். முதியவர் ஒருவர் என் கையைப் பற்றினார். மத்திய அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். "தீர்ப்பாயமும் தள்ளிவிட்டதய்யா! இனித் திருத்தணி முருகனிடம்தான் மேல்முறையீடு" என்றார். உதட்டிலே சிரிப்பு, கண்களிலே நீர்!

மலைப்படி ஏறட்டும், தடுக்கவில்லை. உயர்நீதிமன்றப் படி ஒன்று இருக்கிறதே, அதை மறந்தாரா? மறக்கடிக்கப்பட்டாரா?

நெருக்கடி நிலையின் இருளிலே, 1976ஆம் ஆண்டு, 42ஆவது திருத்தத்தின் வழியே தீர்ப்பாயங்களுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தனர். 1985இல் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. விரைவில் நீதி என்றனர், வரவேற்கத்தக்கதே! ஆனால், கூடவே உயர்நீதிமன்றத்தின் கதவையும் சாத்தினர். பணியிழந்த ஏழை டில்லிவரை போகவேண்டும் என்றாயிற்று. 1997இல் சந்திரகுமார் வழக்கிலே ஏழு நீதிபதிகள் அந்தத் தாழ்ப்பாளைத் தகர்த்தனர். 226, 227ஆம் பிரிவுகள் தரும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு. அதைப் பறிக்க முடியாது. தீர்ப்பாய முடிவை உயர்நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு ஆராயலாம் என்றனர்.

எவ்வக் காரணங்களால் ஆராயலாம்? எல்லையைப் பற்றி இந்த மண்ணுக்கா பாடம் சொல்வது! 1953இல் ஆந்திரத்தோடு போன திருத்தணி, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தாயகம் திரும்பிற்று. நிலத்திற்கு எல்லை உண்டு, அதிகாரத்திற்கும் உண்டு. இல்லாத அதிகாரத்தைச் செலுத்தினாலும், இருப்பதைச் செலுத்த மறுத்தாலும் எல்லை மீறலே. மறுதரப்பைக் கேளாமல் முடிவு கட்டினால், தன் வழக்கிலே தானே நீதிபதியானால், இயற்கை நீதி இறந்தது. ஏட்டைப் புரட்டியதுமே கண்ணில் படும் சட்டப்பிழை, சான்றே இல்லாத முடிவு, காரணம் கூறாத கட்டளை, இவையும் தலையிடத் தக்கவை.

ஆனால், 'தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது காரணமாகாது! சாட்சியத்தை மீண்டும் எடைபோட உயர்நீதிமன்றம் முன்வராது; தராசைப் பிடித்த கை நேர்மையாகப் பிடித்ததா என்றுதான் பார்க்கும்.

2003ஐ மறந்துவிடாதீர்கள். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர் லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே வீச்சில் வீதிக்கு வந்தனர். 'தீர்ப்பாயத்திற்குப் போங்கள்' என்றது உயர்நீதிமன்றம். தமிழகத் தீர்ப்பாயத்திலோ அன்று இருந்தவர் ஒரே ஒருவர்! இத்தகைய அசாதாரண நிலையில் உயர்நீதிமன்றமே விசாரித்திருக்கலாம் என்றது உச்சநீதிமன்றம். வேலைநிறுத்தம் உரிமையன்று என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. அது நமக்குக் கசப்பே. எனினும், பெயரளவில் திறந்த கதவு கதவாகாது என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

முதியவரிடம் சொன்னேன்: "ஐயா! தீர்ப்பின் நகலைப் பெறுங்கள். எந்த வரியிலே எல்லை மீறப்பட்டது என்று வழக்கறிஞரோடு தேடுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள், தாமதமே வழக்கைக் கொல்லும். கையிலே காசில்லையேல் சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள்."

தோழர்களே! உங்கள் ஊரிலும் இப்படியொருவர் இருப்பார், மூட்டை கட்டிய காகிதங்களோடு, மூடிய கதவென்று எண்ணி. அவரைத் தேடிச் செல்லுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள், வாசல்வரை உடன் செல்லுங்கள்!