இரண்டு விரல் இறுக்கம்

 

சென்ற மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 64. கணுக்கால் எலும்பு முறிவு. தகடு வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்றார் மருத்துவர்.

“நல்லா இறுக்கிப் போட்டுடுங்க டாக்டர்” என்றேன் பதற்றத்தில்.

அவர் சிரித்துக்கொண்டே, “நீங்க வீட்டுல அலமாரி பூட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

பூட்டியிருக்கிறேன். ஆசை தீர இறுக்கி, கடைசியில் ஸ்குரூ பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த கதையும் உண்டு. எலும்பிலும் அதேதான் நடக்குமாம்.

இறுக்க இறுக்கப் பிடிப்பு கூடும். எல்லை தாண்டினால் ஸ்குரூவுக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சுற்றியுள்ள எலும்புதான் சிதையும். பிறகு தடிமனான வேறு ஸ்குரூவைத் தேட வேண்டும். அதற்காகத் தளர்வாக விட்டாலும் ஆபத்து, தகடு அசையும். சிதையும் எல்லையில் ஏறக்குறைய 70 விழுக்காடு போதும் என்பது ஒரு கணக்கு. ஆனால் அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். வயதான பெண்களின் எலும்பில் அடர்த்தி குறைவு; எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

அதனால்தான் திருப்புளியை முழுக்கையால் பிடித்து முறுக்காமல், இரண்டு விரலால் உணர்ந்து இறுக்கப் பழக்குகிறார்கள். தகட்டோடு பூட்டிக்கொள்ளும் ஸ்குரூ வேறு வகை. அதில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு, 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்ததும் ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும் திருப்புளி இருக்கிறது. அதையும் மீறி இறுக்கினால், பின்னாளில் கழற்றுவது பெரும்பாடு.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்றாவது வாரமே அம்மா, “வலியே இல்லப்பா, சமையலறை வரைக்கும் நடந்துட்டு வர்றேன்” என்று எழுந்துவிட்டார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. எலும்பு கூடும் முன்னே எடையை ஏற்றினால், அத்தனை நிதானமாகப் போட்ட ஸ்குரூவும் தளர்ந்துவிடலாம். அலமாரிக் கதையைச் சொல்லித்தான் அவரை உட்கார வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் அறுபதைத் தாண்டிய அம்மா இருக்கிறாரா? எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைக்கே குளியலறையில் வழுக்காத விரிப்பு ஒன்றும் போட்டுவிடுங்கள். நான் விழுந்த பிறகுதான் போட்டேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்!