முகத்துக்குத் தங்கம் எதற்கு?

பார்லர் சுவரில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். க்ளீனப், ஃப்ரூட், பேர்ல், கோல்ட், டைமண்ட், பிளாட்டினம். சில நூறு ரூபாயில் தொடங்கி சில ஆயிரத்தில் போய் நிற்கிறது. "கல்யாணப் பொண்ணாச்சேம்மா, கோல்டாவது போட்டாத்தான் முகம் எடுப்பா இருக்கும்" என்று நாற்காலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும் பெண்ணின் அம்மா பர்ஸைத் திறந்துவிடுகிறார். விலை ஏற ஏறப் பலனும் ஏறும் என்ற இந்த நம்பிக்கை சுத்தமான வியாபாரக் கற்பனை.

தோலின் முதல் வேலையே வெளிப்பொருளை உள்ளே விடாமல் தடுப்பதுதான். இறந்த செல்கள் நெருக்கமாக அடுக்கிய அதன் மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது, ஆனால் கறாரானது. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் அது தோலைக் கடப்பது அரிது என்று போஸ், மைனார்டி என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். மருந்து தயாரிப்பவர்கள் இன்றும் அதை ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கொலாஜென் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். 'கொலாஜென் ஃபேஷியல்' எங்கே நின்றுவிடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோல்ட் கிட்டைப் பிரித்தால் எண் போட்ட பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும்: க்ளென்சர், ஸ்க்ரப், ஜெல், க்ரீம், பேக். ஜெல்லைப் பிதுக்கினால் மஞ்சளாக மினுமினுக்கும். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் உட்பொருள்கள் அச்சாகியிருக்கும். தங்கத்துக்கான நிறமி எண் 77480. அது இல்லாமல் 77019, 77891 என்ற எண்கள் மட்டும் இருந்தால், மின்னுவது மைக்காவும் டைட்டானியம் டை ஆக்சைடும்தான். சரி, அசல் தங்கமே இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் கொண்டாட ஒன்றுமில்லை. தோலில் பட்டால் ஒவ்வாமை தரும் பொருள்களில் ஆண்டுக்கு ஒன்றை முன்னிறுத்தி எச்சரிக்கும் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒன்று, 2001இல் தங்கத்தைத்தான் முன்னிறுத்தியது.

தங்கம் நிஜமாகவே தோலுக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் மருத்துவர்கள் பார்த்ததுதான். ஒரு காலத்தில் முடக்குவாதத்துக்குத் தங்க உப்பை ஊசியாகப் போட்டார்கள். நெடுநாள் போட்டுக்கொண்ட சிலருக்கு முகம் போன்ற வெயில் படும் இடங்களில் தோல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமானது. அதற்குக் கிரைசியாசிஸ் என்று பெயர். ஊசியை நிறுத்தினாலும் அந்த நிறம் மறைவதில்லை.

அப்படியானால் பார்லரிலிருந்து வெளியே வரும்போது முகம் பளிச்சென்று இருக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. ஸ்க்ரப் இறந்த செல்களைத் தேய்த்து எடுத்திருக்கிறது, க்ரீம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, கைப்பக்குவம் தெரிந்த ஒரு பெண் அரை மணி நேரம் மசாஜ் செய்ததில் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது. சில நாள் தாங்கும். பட்டியலின் முதல் வரியில் இருக்கும் க்ளீனப்பில் கொஞ்சம் மசாஜ் சேர்த்தாலே இது கிடைத்துவிடும். அந்தக் கைகளுக்குக் கூலி கூடுதலாகக் கொடுத்தால் நியாயம், மினுமினுப்புத் தூளுக்குக் கொடுப்பது அநியாயம். (நீராவி துளைகளைத் திறக்கும், ஐஸ் மூடும் என்பதும் இதே ரகக் கதை. திறந்து மூட அங்கே தசை கிடையாது. சூட்டில் எண்ணெய் இளகி ப்ளாக்ஹெட் சுலபமாக வருகிறது, அவ்வளவே.)

இதுவரை பர்ஸுக்கு மட்டும்தான் சேதம். பிளாட்டினத்துக்கு அடுத்த வரியில் கெமிக்கல் பீல், மைக்ரோநீடிலிங் என்று வரும்போதுதான் விஷயம் மாறுகிறது. இவை நிஜமாகவே வேலை செய்பவை, அதனாலேயே ஆபத்தானவை. அமிலம் தோலின் அடுக்கை உரிக்கிறது, ஊசி துளைக்கிறது. நம்முடைய மாநிறத் தோலும் கருந்தோலும் புண்பட்டால் அந்த இடம் கறுத்துப்போகும். கருமையைப் போக்கப் போனவர் மாதக்கணக்கில் கூடுதல் கருமையோடு நடமாடுவது இப்படித்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், வாடிக்கையாளரின் ரத்தத்தையே எடுத்து நுண்ணூசியால் முகத்தில் ஏற்றும் ஃபேஷியல் செய்தார்கள். 2018இல் அதிகாரிகள் சோதனையிட்டபோது, பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தன. அங்கே போய்வந்த சில பெண்களுக்கு எச்ஐவி தொற்று அந்த ஃபேஷியல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது.

எந்த ஃபேஷியல் சரி என்பதை விலைப்பட்டியல் தீர்மானிக்க முடியாது. சீழ் வைத்த பரு இருந்தால் ஸ்க்ரப்பும் மசாஜும் அதைக் கிளறிவிடும், அன்றைக்கு எதுவுமே வேண்டாம். ரெட்டினாய்டு க்ரீம் பூசுபவர், பருவுக்கு மாத்திரை சாப்பிடுபவர், மங்கு உள்ளவர் ஆகியோர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கேட்காமலே கையில் பிரஷ்ஷை எடுக்கும் பார்லரை விட்டு எழுந்துவிடலாம். ப்ளீச்சையோ பீலையோ முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பது வீண் விபரீதம். காதோரம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கத் தனிச் செலவு எதுவும் கிடையாது.

கிளம்பும்போது 'நைட் க்ரீம்' என்று பெயர் ஒட்டாத டப்பா ஒன்றைக் கொடுத்தால் வாங்கவே கூடாது. ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்கவைக்கும் அத்தகைய க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினால் முகம் எரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு 2018இல் சேர்த்தது. பெயரே ஒட்டாத டப்பாவில் எது இருக்கிறதென்று யார் சொல்வது?