அரண்மனையும் அச்சுப் புத்தகமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன்

இத்தாலியிலே உர்பினோ என்றொரு மலையூர். அதன் உச்சியில் இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் அரண்மனையை மறுமலர்ச்சிக் கலையின் மணிமகுடம் என்று புகழ்கிறார்கள். புகழட்டும். 'கலையை ரசி, கணக்குக் கேட்காதே' என்கிறான் என் அறை நண்பன். எனக்கோ கணக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதைக் கட்டியவர் பெடரிகோ. 1444 முதல் 1482இல் மறையும் வரை உர்பினோவை ஆண்டவர். ஆனால் அவருக்குப் பெரும் பொருள் தந்தது போர்த்தொழில்தான். பணம் தரும் அரசுக்காகப் படை நடத்துவார். 1472இல் ஃபிளாரன்சுக்காக வோல்டெரா என்னும் ஊரை வென்றார், ஊர் சூறையாடப்பட்டது. அங்கிருந்த யூதர் ஒருவரின் எபிரேயச் சுவடிகள் உர்பினோ நூலகத்துக்கு வந்து சேர்ந்தன!

அவரிடம் நல்லதே இல்லையா? உண்டு. 1468இல் லவுரானா என்பவரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக்கிய பட்டயத்தில், கட்டடக்கலை எண்கணிதத்தின் மீதும் வடிவியலின் மீதும் நிற்பது என்று எழுதச் செய்தார். அறிவியல் மாணவனாகிய நான் இதற்காக அவரை வணங்குவேன். அவருடைய சிறிய படிப்பறையோ ஓர் அற்புதம்! பாதி திறந்த அலமாரிகள், உள்ளே புத்தகங்கள், வானியல் கருவி, யாழ் போன்ற வாத்தியம். கைநீட்டினால் தட்டையான சுவர்தான்! வண்ண வண்ண மரத்துண்டுகளை இழைத்துச் செய்த கண்மாயம்.

என்னை உறுத்துவது வேறொன்று. அவருடைய நூலகத்தில் எல்லாம் கையெழுத்துப் பிரதிகளே, அச்சுப் புத்தகம் ஒன்று இருந்தாலும் அது வெட்கப்பட்டிருக்கும் என்று வெஸ்பாசியானோ எழுதிவைத்தார். அவர் கையெழுத்துப் பிரதி விற்ற வியாபாரி, வேறென்ன சொல்வார்? என் தந்தை கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டுக்குள் முதன்முதல் நுழைந்த புத்தகம் என் பள்ளிப் பாடநூல், அச்சடித்தது, அட்டை கிழிந்தது. அந்த மலிவான சரக்கு இல்லையேல் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆகவே அந்த ஏளனம் என் மீது விழுந்ததாகவே படுகிறது.

அரண்மனை முற்றத்தைச் சுற்றி இலத்தீனில் பெரிய எழுத்துகள்: தம் புகழுக்கும் சந்ததிக்குமாக இம்மாளிகையை எழுப்பினார், எட்டு முறை பகைவரை முறியடித்தார் என்று. மகன் குயிதோபால்தோ 1508இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சுவடிகளையும் 1657இல் போப்பாண்டவர் ரோமாபுரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

என்றாவது உர்பினோ போக வாய்த்தால், முதலில் அடித்தளத்துக்கு இறங்குவேன். சமையற்கட்டு, குதிரை லாயம், துணி துவைக்கும் இடம் எல்லாம் அங்கேதான். படிப்பறைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.